பழைய ஸ்போர்ட்ஸ் கார் சூடேறினால் முதலில் எங்கே கை வைப்பது

என் கார் இரண்டு பேர் உட்காரும் ரகம். 1991-இல் வந்தது, 1.6 லிட்டர் இன்ஜின், தூங்கி விழிப்பது போலத் திறக்கும் ஹெட்லைட். ஒரு கோடையில் அதன் வெப்ப முள் நடுவிலிருந்து மேலே நகர ஆரம்பித்தது. உடனே ஒரு தெர்மோஸ்டாட் (சூட்டுக்கு ஏற்ப தண்ணீர் வழியைத் திறந்து மூடும் வால்வு) வாங்கிப் போட்டேன். அடுத்த வாரம் ரேடியேட்டர் மூடி. அதற்கடுத்து ரேடியேட்டரையே மாற்றினேன். மூன்றும் பளபளவென்று புதிது, முள் மட்டும் பழையபடியே ஏறியது. அதன் பிறகுதான் ஒரு நோட்டுப் புத்தகத்தை காரில் போட்டு, எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று எழுத ஆரம்பித்தேன். நீங்கள் அந்த நோட்டிலிருந்தே தொடங்குங்கள்.

அதற்கும் முன்னால், முள் உண்மை சொல்கிறதா என்று பாருங்கள். முப்பது வருடக் காரில் சென்சாரும் எர்த் ஒயரும் அதே வயதுதான். ஹெட்லைட்டைப் போட்டதும் முள் சட்டென்று ஏறி, அணைத்ததும் இறங்கினால் அது சூடு இல்லை, எர்த் கோளாறு. தண்ணீர் ஒரு நொடியில் பத்து டிகிரி ஏறி இறங்காது. எதிர்ப்பக்கமும் உண்டு: சில கார்களில் ஓட்டுபவர் பதறக் கூடாது என்று முள்ளை நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருப்பார்கள். அது நகர்ந்தால் விஷயம் ஏற்கெனவே முற்றிவிட்டது. அதனால் இன்ஃப்ராரெட் வெப்பமானி ஒன்று கையில் இருக்கட்டும். தெர்மோஸ்டாட் கூட்டின் மேல் குறி வைத்துப் பாருங்கள். ஆனால் பளபளக்கும் அலுமினியத்தின் மேல் அந்தக் கருவி பொய் சொல்லும், உண்மையை விடக் குறைவாகக் காட்டும். அங்கே ஒரு துண்டு கருப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி அதன் மேல் அளந்தால் சரியாக வரும். நல்ல நிலையில் உள்ள பெரும்பாலான இன்ஜின்கள் 85-லிருந்து 100 டிகிரிக்குள் நிற்கும்.

சரி, சூடு உண்மைதான் என்று தெரிந்துவிட்டது. இப்போது நோட்டைத் திறங்கள்.

சிக்னலிலும் நெரிசலிலும் ஏறி, வண்டி ஓட ஆரம்பித்ததும் இறங்குகிறதா? ஃபேன்தான். நின்றிருக்கும்போது காற்றை இழுக்க அதை விட்டால் வேறு ஆள் இல்லை. ஏசி உள்ள கார் என்றால் ஏசியைப் போடுங்கள், பெரும்பாலான கார்களில் ஃபேனும் கூடவே சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே பார்த்துவிட்டு, மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேரடியாக, ஃபியூஸ் வைத்த ஒயரில் மின்சாரம் கொடுங்கள். அப்போது சுற்றினால் மோட்டார் நலம், வெப்ப சுவிட்சோ ஒயரோ போய்விட்டது. அப்புறம், சுற்றுகிறது என்பதோடு திருப்திப்பட வேண்டாம். ஒரு தாளை கிரில்லுக்கு முன்னால் பிடியுங்கள். ஃபேன் ரேடியேட்டருக்குப் பின்னால் இருந்தால் தாள் உள்ளே ஒட்டிக்கொள்ள வேண்டும். வெளியே தள்ளினால் யாரோ மோட்டார் மாற்றும்போது ஒயரைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். அப்படி ஒரு காரை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நெரிசலில் அமைதியாக இருந்து, வேகமாகப் போகும்போது ஏறினால் ஃபேனை மறந்துவிடுங்கள். வேகத்தில் காற்று தானாகவே வருகிறது. அப்போது மூன்று சந்தேகங்கள்: தண்ணீர் போதுமான அளவு ஓடவில்லை, ரேடியேட்டர் அடைத்திருக்கிறது, அல்லது வருகிற காற்று ரேடியேட்டரைத் தொடாமல் நழுவுகிறது. இன்ஜினைச் சூடாக்கி, ஃபேன் சுற்றுவதற்கு முன் ரேடியேட்டரின் முகம் முழுக்க வெப்பமானியை மெதுவாக நகர்த்துங்கள். நுழையும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கம் வரை சூடு சீராகக் குறைய வேண்டும். நடுவில் ஓர் இடம் மட்டும் குளிர்ந்து கிடந்தால் அங்கே குழாய்கள் அடைத்துவிட்டன. ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் உள்ள இடுக்கையும் டார்ச் அடித்துப் பாருங்கள். இலையும் பூச்சியும் மண்ணும் சேர்ந்து கம்பளி மாதிரி படிந்திருக்கும். இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, மெல்லிய அழுத்தத்தில் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பிரஷர் வாஷர் வேண்டாம், துடுப்புகள் (ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள்) மடிந்துவிடும்.

ரேடியேட்டரின் கீழ் ஹோஸையும் கவனியுங்கள். தண்ணீர் பம்ப் உறிஞ்சும் பக்கம் அது. ரப்பர் தளர்ந்திருந்தால் இன்ஜினை வேகமாக ஓட்டும்போது உறிஞ்சலில் தட்டையாகிவிடும், வேகம் குறைந்ததும் பழைய உருவத்துக்கு வந்து ஒன்றும் தெரியாத மாதிரி நிற்கும். ஒருவரை ஆக்சிலரேட்டரை மிதிக்கச் சொல்லிவிட்டு, பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் எட்டத் தள்ளி நின்று பாருங்கள்.

என் கதை இந்தப் பிரிவில்தான் முடிந்தது. எண்பதுக்கு மேல் போனால் ஏறியது, மெதுவாகப் போனால் இறங்கியது. ரேடியேட்டர் புதிது, ஹோஸ் உறுதி, பம்ப் ஒழுகவில்லை. ஒரு மாலை கீழ் ஹோஸைப் பார்க்க ஸ்டாண்டு போட்டு அடியில் படுத்திருந்தேன். காரின் மூக்குக்கு அடியில் வரிசையாகக் காலி போல்ட் துளைகள். ஒன்றில் சிலந்தி கூடு கட்டியிருந்தது. அப்போதுதான் நினைவு வந்தது: குளிர்காலத்தில் ஆயில் மாற்றும்போது தொந்தரவாக இருக்கிறதென்று அடித்தட்டைக் கழற்றி சுவரோரம் சாய்த்து வைத்தவன் நான்தான். குளிரில் பிரச்சினை தெரியவில்லை. கோடையில் தெரிந்தபோது தட்டு ஞாபகம் இல்லை.

அந்த பிளாஸ்டிக் தட்டை வெறும் சேறு தடுப்பான் என்று நினைத்திருந்தேன். மூக்கு தாழ்ந்த ஸ்போர்ட்ஸ் கார் காற்றை அடிப்பக்கத்து வாய் வழியாக எடுக்கிறது. ரேடியேட்டருக்கு முன்னால் அழுத்தம் கூடுதலாகவும் பின்னால் குறைவாகவும் இருந்தால்தான் காற்று துடுப்புகளுக்குள் நுழையும். தட்டு இல்லாவிட்டால் காற்று கீழே நழுவிப் போகிறது. போதாததற்கு காரின் அடியில் ஓடும் காற்று இன்ஜின் அறைக்குள் ஏறி ரேடியேட்டரின் முதுகில் முட்டுகிறது. வேகம் கூடக்கூட நிலைமை மோசம். ரேடியேட்டரைச் சுற்றியிருக்கும் ஸ்பாஞ்சுப் பட்டைகளுக்கும் இதே வேலைதான். அவை உதிர்ந்திருந்தால் விரல் நுழையும் ஒவ்வொரு இடைவெளியையும் புதிய ஸ்பாஞ்சால் அடையுங்கள். தட்டை மாட்டிய அன்றே முள் நடுவில் போய் உட்கார்ந்தது.

கிளம்பிய சில நிமிடங்களிலேயே சூடேறினால் தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருக்கலாம், உள்ளே காற்று தங்கியிருக்கலாம். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, நூலில் கட்டி, வெப்பமானியோடு தண்ணீர்ப் பாத்திரத்தில் விட்டுச் சூடாக்குங்கள். அதன் மேல் பொறித்த எண்ணை ஒட்டித் திறக்க வேண்டும், பெரும்பாலும் 82 அல்லது 88. “கழற்றி எறிந்துவிட்டு ஓட்டு” என்று சொல்ல எப்போதும் ஒருவர் இருப்பார். கேட்காதீர்கள். இன்ஜின் உரிய சூட்டை எட்டாமல் பெட்ரோலைக் குடிக்கும், தேய்மானமும் கூடும்.

பயப்பட வேண்டியது ஹெட் கேஸ்கெட்டுக்கு, அதாவது இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகட்டுக்கு. குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பி ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகினால், எரிந்த வாயு தண்ணீருக்குள் போகிறது என்று பொருள். ஊகிக்க வேண்டாம், அதற்கென்று நீல நிறத் திரவம் உள்ள சோதனைக் கருவி இருக்கிறது. ரேடியேட்டர் வாயில் வைத்தால் எரிந்த வாயு பட்டு மஞ்சளாகும். ஆயில் மூடிக்கு அடியில் பால் ஏடு மாதிரி இருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், குறுகிய தூரமே ஓடும் காரிலும் அது வரும்.

ரேடியேட்டர் மூடி சின்னப் பொருள்தான், ஆனால் 100-இல் கொதிக்க வேண்டிய தண்ணீரை 1 பார் கூடுதல் அழுத்தத்தில் 120 டிகிரி வரை கொதிக்காமல் பிடித்து வைப்பது அதுதான். ரப்பர் வெடித்திருந்தால் மாற்றுங்கள், பழையதில் உள்ள அதே எண். அதிக அழுத்த மூடி போட்டால் பழைய ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி விரிசல் விடும். சூடாக இருக்கும்போது மூடியில் கை வைக்கவே வைக்காதீர்கள்.

எல்லாம் முடிந்து கூலண்ட் (இதுவரை தண்ணீர் என்று சொன்ன குளிர்விக்கும் திரவம்) நிரப்பும்போதுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். செறிவான கூலண்டும் கனிமம் நீக்கிய தண்ணீரும் பாதிக்குப் பாதி. முன்பக்கத்தைத் தூக்கி, ரேடியேட்டர் வாய் எல்லாவற்றையும் விட உயரத்தில் இருக்கும்படி நிறுத்துங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே மூடியைத் திறந்து, புனல் வைத்து நிரப்பிக் கிளப்புங்கள். ஹோஸ்களை அவ்வப்போது அமுக்கி விட்டால் குமிழிகள் வெளியேறும். ஃபேன் இரண்டு முறை சுற்றி நிற்கும் வரை பொறுமையாக இருங்கள், பிறகு மூடி, ஆறவிடுங்கள். மறுநாள் காலை மட்டம் இறங்கியிருக்கும், மேலே ஊற்றுங்கள். எனக்கு அரை லிட்டர் பிடித்தது. கீழே சிந்தியதை உடனே துடைத்துவிடுங்கள், நாயும் பூனையும் நக்கும், அது அவற்றுக்கு விஷம்.