பாரிஷ் கவுன்சிலர் ஆகப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

லண்டனுக்குள் இருக்கும் வரை பாரிஷ் கவுன்சில், அதாவது இங்கிலாந்தில் ஊர் அளவில் இருக்கும் கடைசிப்படி உள்ளாட்சி, நம்மவர்கள் கண்ணில் படுவதில்லை. 2014இல் குயின்ஸ் பார்க்கில் ஒன்று வந்ததோடு சரி. மில்டன் கீன்ஸ் மாதிரி வெளியூரில் வீடு வாங்கிப் போனதும், கவுன்சில் டாக்ஸ் பில்லில் பாரிஷுக்கென்று தனியாக ஒரு தொகை இருக்கும். அதைப் பார்த்துவிட்டு "நாமும் நிற்கலாமா?" என்று கேட்டு வருகிறார்கள். மனதார வரவேற்கிறேன். ஆனால் நாங்கள் புதிதில் செய்த தவறுகளையே இவர்களும் செய்கிறார்கள். கூட்டத்துக்கு லேட்டாக வருவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன்.

பாஸ்போர்ட் இல்லையே என்று ஒதுங்குவது

பிரிட்டிஷ் குடியுரிமை கட்டாயமில்லை. இந்தியா, இலங்கை, மலேசியா எல்லாம் காமன்வெல்த் நாடுகள். அந்த நாட்டவர்கள் ஐ.எல்.ஆர். (காலவரையின்றித் தங்கும் அனுமதி) இருந்தால் நிற்கலாம். 18 வயது ஆகியிருக்க வேண்டும். அந்தப் பாரிஷின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். இல்லாவிட்டாலும் கடந்த 12 மாதமாக அங்கேயோ மூன்று மைலுக்குள்ளோ குடியிருந்தால் சரி. டெபாசிட் கிடையாது. முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர். பல ஊர்களில் இடங்களுக்குப் போதுமான ஆளே வருவதில்லை, போட்டியின்றித் தேர்வாகிவிடலாம்.

ரோட்டுக் குழிக்கும் குப்பைக்கும் வாக்குக் கொடுப்பது

இரண்டும் மேலே உள்ள கவுன்சில்களின் வேலை. விளையாட்டுத் திடல், அலாட்மெண்ட் (தோட்டம் போட வாடகைக்கு விடும் நிலம்), கல்லறை, பஸ் நிழற்குடை போன்றவைதான் நமக்கு. வீடு கட்டும் விண்ணப்பங்களில் கருத்துச் சொல்லலாம், முடிவு நம் கையில் இல்லை.

தனியாளாக முடிவெடுப்பது

எத்தனை தடவை சொன்னாலும் தீராத தலைவலி இது. புதிதாக வந்த ஒருவர், நல்ல மனிதர், திடலில் ஊஞ்சல் சங்கிலி அறுந்து கிடந்ததைப் பார்த்தார். பிள்ளைகள் விழுந்துவிடக் கூடாதே என்று தானே ஒரு கம்பெனிக்கு போன் போட்டு, "நான் கவுன்சிலர், மாற்றிவிடுங்கள், பணம் வந்துவிடும்" என்று சொல்லிவிட்டார். புது ஊஞ்சல் வந்தது. பின்னாலேயே பில்லும் வந்தது. தீர்மானம் இல்லை, கொட்டேஷன் இல்லை, ஆர்டரும் இல்லை. கவுன்சிலின் சம்பள அலுவலரான கிளார்க் பணம் தர மறுத்தார். அவர் செய்ததுதான் சரி.

அடுத்த கூட்டத்தில் பேசி முடிக்கலாம் என்றால் அஜெண்டா ஏற்கெனவே போய்விட்டது. வியாழக்கிழமை கூட்டம் என்றால் திங்கள், செவ்வாய், புதன் மூன்றும் முழு நாட்களாக இடையில் இருக்கும்படி அஜெண்டா வெளியாக வேண்டும். அதில் இல்லாத விஷயத்தில் முடிவெடுத்தால் செல்லாது. ஆக இன்னும் ஒரு மாதம். கம்பெனிக்காரரின் கோபமெல்லாம் கிளார்க் தலையில் விழுந்தது. கடைசியில் தணிக்கை அறிக்கையிலும் ஒரு குறிப்பு ஏறியது. "நல்லதுதானே செய்தேன்" என்றார் அவர். ஒவ்வொரு முறையும் இதே பதில்தான் வருகிறது, எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அது ஊர் மக்கள் வரியாகக் கட்டிய பணம்.

1972ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டப்படி கவுன்சில் தன் அதிகாரத்தைக் குழுவுக்குக் கொடுக்கலாம், கிளார்க் போன்ற அலுவலருக்குக் கொடுக்கலாம். தனி ஒரு கவுன்சிலருக்குக் கொடுக்க வழியே இல்லை. சேர்மனுக்கும் இதேதான். ஊஞ்சல் அறுந்ததா, உடனே கிளார்க்குக்கு போன் போடுங்கள். அவர் அன்றே அதைக் கட்டி வைப்பார்; அவசரச் செலவுக்கு அவருக்கென்று ஒரு வரம்பு பெரும்பாலும் நிதி விதிகளிலேயே இருக்கும்.

ஏற்புறுதியைத் தள்ளிப்போடுவது

பதவியை ஏற்கிறேன் என்ற உறுதிமொழிதான் இது. முதல் கூட்டத்துக்குள் கையெழுத்துப் போடுங்கள்.

சொத்து விவரத்தில் மனைவியை, கணவரை விட்டுவிடுவது

பதவிக்கு வந்த 28 நாட்களுக்குள் இருவருடையதையும் கொடுக்க வேண்டும். தகுந்த காரணமில்லாமல் விட்டால் 2011ஆம் ஆண்டின் லோக்கலிசம் சட்டப்படி அது குற்றம்.

ஆறு மாதம் கூட்டத்துக்கு வராமல் இருப்பது

பதவி போய்விடும். ஊருக்கு நீண்ட நாள் போக வேண்டியிருந்தால், ஆறு மாதம் முடிவதற்கு முன்பே காரணத்தை எழுதிக் கொடுத்து, கவுன்சிலின் ஒப்புதலை வாங்கிவிடுங்கள்.