பெங்களூருவில் நெட் பில், கேபிள் பில் கட்டுவது எப்படி: புதிதாய்க் குடிவந்தவர்களுக்கு

பெங்களூருவுக்குப் புதிதாய்க் குடிவருகிறவர்களுக்குக் கேஸும் கரண்டும் சீக்கிரம் பிடிபட்டுவிடும். நெட்டும் கேபிளும்தான் இழுத்தடிக்கும். பல தெருக்களில் இரண்டுக்கும் ஒரே ஆள்தான் வருகிறார், ஒரே கம்பத்திலிருந்துதான் வயர் இறங்குகிறது. கணக்கு மட்டும் இரண்டு. லிங்கராஜபுரம், அல்சூர், கம்மனஹள்ளி என்று ஆளாளுக்குப் போன் போட்டு இதையே கேட்பதால் ஒரேயடியாக எழுதி வைத்துவிடுகிறேன்.

யுபிஐ ஆப் போடுவது, வங்கிக் கணக்கை இணைப்பது இதையெல்லாம் சொல்லப் போவதில்லை. கீரைக்காரம்மாவிடம் ஸ்கேன் செய்து பணம் கொடுக்கத் தெரிந்தால் போதும்.

படி 1: யாருக்குக் கட்டுகிறோம்?

நெட்டுக்கு இது சுலபம். ஆக்ட், ஏர்டெல், ஜியோ, பிஎஸ்என்எல் என்று மாதாமாதம் வரும் எஸ்எம்எஸ்ஸிலேயே பெயர் இருக்கும்.

கேபிளில் இரண்டு அடுக்கு உண்டு. மேலே சிக்னல் தரும் பெரிய கம்பெனி, கீழே நம் தெருவுக்கு வயர் இழுத்திருக்கும் லோக்கல் ஆபரேட்டர். வீட்டுக்கு வந்து பணம் வாங்குகிறவர் லோக்கல்காரர். ஆப்பில் தேடினால் கிடைப்பது பெரும்பாலும் பெரிய கம்பெனியின் பெயர். செட்டாப் பாக்ஸைப் போட்டதும் திரையில் யார் லோகோ வருகிறதோ, அந்தப் பெயரைத் தேடுங்கள். மொட்டை மாடியில் உங்களுக்கென்று தனி டிஷ் இருந்தால் அது கேபிளே இல்லை. ஆப்பில் ‘டிடிஎச்’ என்ற தனிப் பிரிவுக்குப் போக வேண்டும்.

அடுத்து, பிரீபெய்டா போஸ்ட்பெய்டா என்று பாருங்கள். பிரீபெய்ட் இணைப்புக்குப் பில் என்று ஒன்று உருவாகவே உருவாகாது. அதனால் ஆப்பில் எண்ணைப் போட்டுத் தேடினால் ‘நிலுவை எதுவும் இல்லை’ என்று வரும். நெட் நின்றுபோயிருக்கும்போது இந்த வரியைப் பார்த்தால் கோபம்தான் வரும். பிரீபெய்டுக்கு கம்பெனியின் சொந்த ஆப்பில் போய், செல்போன் ரீசார்ஜ் போலப் பிளானைத் தேர்ந்தெடுத்துக் கட்டுவதே நல்லது.

படி 2: சரியான எண்

என் வண்டி நின்ற இடம் இதுதான். மற்றவர்கள் போன் செய்வதும் பெரும்பாலும் இதற்குத்தான்.

ஆப் ‘கஸ்டமர் ஐடி’ கேட்கும். ரவுட்டரைத் திருப்பினால் பின்பக்க ஸ்டிக்கரில் வரிசையாக எண்கள் இருக்கும். மேக் அட்ரஸ் என்று 12 இடங்கள் கொண்ட ஒன்று, எண்ணும் ஏ முதல் எஃப் வரையிலான எழுத்தும் கலந்து. ஜிபான் எஸ்என் என்று இன்னொன்று. ஹுவாவே பெட்டியானால் எச்டபிள்யூடிசி என்று தொடங்கும், இசட்டிஇ பெட்டியானால் இசட்டிஇஜி. அப்புறம் வைஃபை பெயர், அதன் பாஸ்வேர்ட். இதில் ஒன்றுகூடப் பில் கட்ட உதவாது. எல்லாம் பெட்டியின் எண்கள். பெட்டி பழுதாகி மாற்றினால் இவையும் மாறிவிடும், உங்கள் கணக்கு எண் மாறாது.

கணக்கு எண் வேண்டுமென்றால் முதலில் மின்னஞ்சலில் வரும் பில்லின் மேல்பக்கத்தைப் பாருங்கள். அது இல்லையென்றால் இணைப்புக் கொடுத்த அன்று வந்த எஸ்எம்எஸ்ஸைத் தேடுங்கள். அதையும் அழித்துவிட்டீர்களா? கம்பெனியின் ஆப்பை இறக்கி, பதிவு செய்த செல்போன் எண்ணில் ஓடிபி வாங்கி உள்ளே போனால் முதல் பக்கத்திலேயே இருக்கும். சில கம்பெனிகளுக்கு 080-இல் தொடங்கும் லேண்ட்லைன் எண்தான் கணக்கு எண். வீட்டில் போன் கருவியே இல்லாவிட்டாலும் உங்கள் பெயரில் அப்படி ஓர் எண் இருக்கும்.

வாடகை வீட்டில் ஒரு வில்லங்கம் உண்டு. முன்பிருந்தவர் விட்டுப்போன இணைப்பையே தொடர்ந்தால் ஓடிபி அவருக்குத்தான் போகும். ஒவ்வொரு முறையும் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது, அவரும் ஒருநாள் எடுக்க மாட்டார். குடிவந்த வாரத்திலேயே எண்ணை மாற்றித்தரச் சொல்லுங்கள். கம்பெனி மறுத்தால் உங்கள் பெயரிலேயே புது இணைப்பு வாங்கிவிடுங்கள்.

கேபிளுக்குச் செட்டாப் பாக்ஸ் எண் அல்லது விசி எண் கேட்பார்கள். விசி என்பது பெட்டிக்குள் செருகியிருக்கும் கார்டின் எண். கார்டே இல்லாத பெட்டிகளும் உண்டு, அவற்றுக்குப் பாக்ஸ் எண் போதும். இந்த எண் பெட்டியின் அடிப்பக்கத்தில், எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் இருக்கும். டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் தூசியில் கிடந்த பெட்டியானால் 8 எது, 3 எது என்று தெரியாது. கண்ணைச் சுருக்கிப் படிக்காமல் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். ஸ்டிக்கரே உரிந்திருந்தால் ரிமோட்டில் மெனு, செட்டிங்ஸ், சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று போனால் பெரும்பாலான பெட்டிகள் டிவி திரையிலேயே எண்ணைக் காட்டும். எண் கிடைத்ததும் வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு வைத்துவிடுங்கள்.

படி 3: கட்டுவது

போன்பே, கூகுள் பே, பேடிஎம், பீம், வங்கி ஆப் எதைத் திறந்தாலும் பில் கட்டும் பகுதியில் பெரும்பாலும் உள்ளே ஓடுவது ஒரே அமைப்பு. யுபிஐயை நடத்தும் என்பிசிஐ நிறுவனத்தின் பாரத் பில் பேமெண்ட் சிஸ்டம். 2024-இல் பாரத் கனெக்ட் என்று பெயர் மாற்றினார்கள். ஆகவே எந்த ஆப் என்பது அவரவர் விருப்பம். நான் வங்கி ஆப்பில்தான் கட்டுவேன். விளம்பரம் குறைவு, ரசீதைத் தேட வேறெங்கும் போக வேண்டாம். ஸ்கிராட்ச் கார்டில் கிடைக்கும் ‘மெத்தை வாங்கினால் தள்ளுபடி’ கூப்பனுக்காக ஆப் மாறி மாறிக் கட்டுவது எனக்குப் பிடிபடாத சங்கதி. கிரெடிட் கார்டில் கட்டினால் சில ஆப்கள் தனிக் கட்டணம் போடுகின்றன. கடைசித் திரையில் மொத்தத் தொகையை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பிராட்பேண்ட் அல்லது கேபிள் டிவி என்ற பிரிவில் கம்பெனியைத் தேர்ந்தெடுத்து எண்ணைப் போட்டதும், ஆப் பில்லை இழுத்துவந்து காட்டும். பெயர், தொகை, கடைசித் தேதி. பெயர் பாதி மறைத்து நட்சத்திரக் குறிகளோடு வரலாம், ஆனாலும் உங்கள் பெயர்தானா என்று தெரிந்துவிடும். பெயர் வராமல் ‘தொகையை நீங்களே போடுங்கள்’ என்று காலிப் பெட்டி வந்தால் எண்ணைத் திரும்ப ஒருமுறை சரிபாருங்கள். ஓர் இலக்கம் தப்பி அடுத்தவர் கணக்கில் விழுந்த பணத்தைத் திரும்ப வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

நெட் ஏற்கெனவே துண்டிக்கப்பட்டிருந்தால் வைஃபையை அணைத்துவிட்டுச் செல்போன் டேட்டாவில் கட்டுங்கள். துண்டித்த இணைப்பிலும் சில கம்பெனிகளின் பணம் கட்டும் பக்கம் மட்டும் திறக்கும். ஆசையாய் உள்ளே போனால், வங்கிப் பக்கம் திறக்காமல் நடுவில் சுற்றிக்கொண்டே நிற்கும்.

படி 4: கட்டிய பிறகும் வரவில்லையா?

நெட் என்றால் ரவுட்டரை, ஃபைபர் பெட்டி தனியாக இருந்தால் அதையும் சேர்த்து, அணைத்து இரண்டு நிமிடம் விட்டுப் போடுங்கள்.

கேபிளுக்கு இது நேர்மாறு. பணம் சேர்ந்ததும் சேனல்களைத் திறந்துவிடும் கட்டளை கேபிள் வழியாகத்தான் பெட்டிக்கு வரும். அந்த நேரத்தில் பெட்டி ஓடிக்கொண்டிருந்தால்தான் அதை வாங்கிக்கொள்ளும். பணம் கட்டிவிட்டு, படம் வரவில்லையே என்று சுவிட்சை அணைத்துவிட்டுப் படுத்தால் காலையிலும் அதே கறுப்புத் திரைதான். பூட்டியிருக்கிற ஒரு சேனலை வைத்து அப்படியே விட்டுவிடுங்கள். அப்புறமும் வராவிட்டால் ஆபரேட்டரைக் கூப்பிட்டு “ரீஃப்ரெஷ் அனுப்புங்க அண்ணா” என்றால் போதும், அவர்களுக்குப் புரியும்.

வீட்டு வாசலில் கட்டுவது

கேபிள்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு கியூஆர் அட்டையை எடுத்து நீட்டுவார். ஸ்கேன் செய்து பெயரைப் பாருங்கள். கம்பெனி பெயரா, அவர் சொந்தப் பெயரா? சொந்தப் பெயர் என்றால் தப்பு என்று சொல்லவில்லை. பெரும்பாலானவர்கள் நாணயமானவர்கள், ராத்திரி ஒன்பது மணிக்கும் ஏணியோடு வந்து நிற்பார்கள். ஆனால் அந்தப் பணம் அவர் கணக்குக்குப் போகிறது. அவர் கணினியில் ஏற்றினால்தான் உங்கள் பெட்டிக்குச் சேரும். அனுப்பும்போதே குறிப்புப் பகுதியில் பாக்ஸ் எண்ணும் மாதமும் எழுதிவிட்டு, “அண்ணா, எனக்கு எஸ்எம்எஸ் வரணும், இப்பவே ஏத்திடுங்க” என்று அங்கேயே கேளுங்கள். “சரி சார், ஆய்த்து” என்று கன்னடத்தில் முடித்துவிட்டுக் கிளம்பப் பார்ப்பார். எஸ்எம்எஸ் வரும்வரை பேச்சுக் கொடுங்கள்.

ரொக்கமாகத்தான் கட்டுவேன் என்கிற பெரியவர்களுக்குப் பெங்களூரு ஒன் என்ற அரசு சேவை மையங்கள் உண்டு. பெஸ்காம் (கரண்ட்), குடிநீர் வாரிய பில்களோடு பிஎஸ்என்எல் பில்லையும் அங்கே கட்டலாம். மற்றக் கம்பெனிகளுக்கு, பில் கட்டும் வசதி உள்ள செல்போன் ரீசார்ஜ் கடையில் கேளுங்கள். அச்சிட்ட ரசீது வாங்காமல் நகராதீர்கள்.

தொகை ஏன் கூடுதலாக இருக்கிறது?

நெட் விளம்பரத்தில் போடும் விலைக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. 599 ரூபாய் பிளான் என்றால் கட்ட வேண்டியது 706 ரூபாய் 82 காசு.

கேபிளில் இணைப்புக் கட்டணம், காசுச் சேனல்களின் விலை இரண்டையும் கூட்டி அதன்மேல் ஜிஎஸ்டி போடுவார்கள். இணைப்புக் கட்டணத்துக்கு டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) 2019-இல் 130 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்திருந்தது, வரியோடு 153 ரூபாய் 40 காசு. 2024 ஜூலையில் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். இப்போது ஆபரேட்டருக்கு ஆபரேட்டர் மாறும்.

நம் ஆட்கள் கவனிக்க வேண்டியது பேக்கேஜைத்தான். இங்கே கொடுக்கிற அடிப்படைப் பேக்கேஜ் பெரும்பாலும் கன்னடச் சேனல்களைச் சுற்றித்தான் இருக்கும், தமிழ்ச் சேனல்களுக்குத் தனியாக ஒரு பொட்டலம் சேர்ப்பார்கள். வீட்டில் பார்ப்பது சன், விஜய், ஜீ தமிழ், ஒரு செய்திச் சேனல் என்றால், பொட்டலம் முழுக்க வாங்காமல் தேவையானதை மட்டும் தனித்தனியாகக் கேளுங்கள். டிராய் விதிப்படி சேனலைத் தனியாக வாங்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆபரேட்டர் முகம் கொஞ்சம் சுருங்கும், பரவாயில்லை.

ஆறு மாதம், ஒரு வருடம் மொத்தமாகக் கட்டினால் மாதம் ஒன்றோ இரண்டோ இலவசம் என்பார்கள். சொந்த வீடு என்றால் கட்டுங்கள். 11 மாத ஒப்பந்தத்தில் இருப்பவர் கட்ட வேண்டாம். அடுத்த ஏரியாவில் அந்தக் கம்பெனியின் ஃபைபர் போகிறதா என்பது வீடு மாறும்போதுதான் தெரியும்.

ஆட்டோபே

போஸ்ட்பெய்ட் நெட்டுக்கு யுபிஐ ஆட்டோபே தாராளமாக வைக்கலாம். 15,000 ரூபாய் வரை யுபிஐ பின் எண் கேட்காமல் எடுத்துக்கொள்ளும், எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வரும். வைக்கும்போது உச்சத் தொகையை இப்போதைய பில்லுக்கே அளவாக வைக்காமல் கொஞ்சம் தளர்வாக விடுங்கள். விலை பத்து ரூபாய் ஏறினாலும் எடுக்க முடியாமல் திரும்பிவிடும், உங்களுக்கு நெட் நின்றபிறகுதான் தெரியும். கேபிளுக்கு ஆட்டோபே வேண்டாம் என்பேன். தீபாவளிக்கு ஊருக்குப் போகிற மாதம், பரீட்சை மாதம் என்று நிறுத்தி வைக்கிற செலவு அது.

பணம் போச்சு, பில் அப்படியே இருக்கு

உடனே இரண்டாம் முறை கட்டாதீர்கள். கணக்கில் பணம் எடுக்கப்பட்டும் கம்பெனிக்கு உறுதியாகாத யுபிஐ பரிவர்த்தனை, அன்றிலிருந்து 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2019 விதி. தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து புகார் பட்டனை அழுத்துங்கள். ரசீதில் உள்ள பாரத் கனெக்ட் பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், கம்பெனியிடம் பேசும்போது அதைத்தான் கேட்பார்கள். கஸ்டமர் கேர் எண்ணை கூகுளில் தேடி முதலில் வருவதைக் கூப்பிடவே கூடாது. பில்லில் அச்சிட்டிருக்கும் எண் மட்டும். பணம் திருப்பித் தருகிறேன், பின் போடு என்று ஒருவன் சொன்னால் அவன் திருடன். பின் போட்டால் பணம் வெளியேதான் போகும். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண் 1930-ஐக் கூப்பிடுங்கள்.

பின்சேர்க்கை: ஊரில் அப்பா அம்மா வீட்டு பிஎஸ்என்எல் பில்லை இங்கிருந்து கட்டினால் ‘தவறான எண்’ என்று வருகிறதே என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அங்கே 080 போடக் கூடாது, ஊர்க் குறியீடு போட வேண்டும்: வேலூர் 0416, மதுரை 0452, திருநெல்வேலி 0462. முன்னால் வரும் சுழியத்தோடு போடுவதா, விட்டுவிட்டுப் போடுவதா என்பது எண் போடும் கட்டத்திலேயே சின்ன எழுத்தில் இருக்கும், படித்துவிட்டுப் போடுங்கள்.

இன்னொன்று: கம்பெனி மாறிய பிறகும் பழைய கம்பெனிக்குப் பணம் போய்க்கொண்டே இருக்கிறது என்று ஒரு அக்கா எழுதியிருந்தார். இணைப்பைத் துண்டித்தால் ஆட்டோபேயும் நின்றுவிடும் என்று நினைக்க வேண்டாம். யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதிக்குப் போய், அந்தக் கம்பெனியின் பெயருக்கு எதிரே ரத்து செய்து, பின் போட்டு உறுதி செய்யுங்கள். கடைசிப் பில்லைக் கட்டி, ரவுட்டரைத் திருப்பிக் கொடுத்ததற்கு ரசீதும் வாங்கி வையுங்கள், டெபாசிட் கட்டியிருந்தால் திரும்ப வாங்க அது வேண்டும்.