ஃபைஃப் கடற்கரை: பலரும் செய்யும் தவறுகள்

எடின்பரோவிலிருந்து ஸ்காட்லாந்தின் ஃபைஃப் கடற்கரைக்கு ஒருநாள் பயணமாக வரும் பலர், செயின்ட் ஆண்ட்ரூஸ் கோல்ஃப் மைதானத்தில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அதே ஊரில் கடலோரம் நிற்கும் இடிந்த கோட்டையைத் தவறவிடுவதுதான் பெரிய இழப்பு. 1546-ல் கத்தோலிக்கப் பேராயரான கார்டினல் பீட்டனைக் கொன்றவர்கள் அதற்குள் புகுந்துகொண்டார்கள். முற்றுகையிட்ட அரசுப் படை பாறையைக் குடைந்து உள்ளே வரப் பார்த்தது. உள்ளே இருந்தவர்கள் அந்தச் சத்தத்தைக் காதால் பின்தொடர்ந்து எதிர்ச்சுரங்கம் தோண்டினார்கள். திசை பிசகிப் பாதியில் கைவிட்ட குழிகளும் உண்டு. படையின் சுரங்கம் தாராளமானது. கோட்டைக்காரர்கள் தோண்டியதோ குறுகலாக, வளைந்து வளைந்து, குனிந்தே போகவேண்டியது. அவர்களுடைய பதற்றம் அந்த வளைவுகளில் அப்படியே தெரிகிறது. தரை வழுக்கும், பிடிப்புள்ள ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.

ஊருக்குள் ரயில் வரும் என்று நம்பி வராதீர்கள். 1969-லேயே நிலையத்தை மூடிவிட்டார்கள். பக்கத்து ஊரான லூக்கர்ஸில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும்.

அப்புறம் மே தீவு. இதே கடற்கரையில் இருக்கும் ஆன்ஸ்ட்ரதர் ஊரிலிருந்து ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை படகு போகிறது. பஃபின் பறவைகளுக்காகவே பலர் போகிறார்கள், ஆனால் ஆகஸ்ட் கடைசியில் போனால் ஏமாற்றம்தான். அதற்குள் அவை கடலுக்குக் கிளம்பிவிடும். மே, ஜூன் மாதங்களே சரி. தீவில் பாதையை விட்டு ஓரடிகூட இறங்க வேண்டாம். புல்லுக்கு அடியில் பஃபின் வளைகள் இருக்கின்றன. காலை வைத்தால் இடிந்து, உள்ளே இருக்கும் குஞ்சு நசுங்கிவிடும்.

உயிருக்கே ஆபத்தான தவறு, ஈலி என்ற கடலோர ஊரின் சங்கிலிப் பாதையில் நடக்கிறது. கின்கிரெய்க் முனையின் அடிவாரப் பாறைகளில் இரும்புச் சங்கிலிகளைப் பிடித்து ஏறி இறங்கும் வழி அது. கடல் ஏறும்போது அந்தப் பாறைகள் தண்ணீருக்குள் போய்விடும், நடுவில் மாட்டினால் மேலே ஏறித் தப்புவது கடினம். கூட்டமாக ஆள் போவதைப் பார்த்து நாமும் இறங்கலாம் என்று நினைக்காதீர்கள். அவர்களும் நேரம் பார்க்காமல் வந்திருக்கலாம். அன்றைய அலை அட்டவணையைப் பார்த்து, நீர் வற்றிக்கொண்டிருக்கும்போதே தொடங்குங்கள். அட்டவணை கையில் இல்லையென்றால் குன்றின் மேலே போகும் கடலோர நடைபாதையில் போங்கள்.