மோரோவிண்ட்: மூச்சிரைக்க ஓடிப்போய்க் கத்தி வீசாதீர்கள்

2002-இல் பெதஸ்டா வெளியிட்ட 'தி எல்டர் ஸ்க்ரோல்ஸ் 3: மோரோவிண்ட்' என்ற கணினி விளையாட்டு இன்னமும் புது ஆட்களை இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. விடுமுறை வந்தால் அக்கா மகனும் அவனுடைய பலதுறைத் தொழிற்கல்லூரி நண்பர்களும் லேப்டாப்போடு எங்கள் ஈசூன் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஆரம்பத்தில் நான் செய்த அதே தவறுகளை இவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். ஒரு மணி நேரம் கழித்து "மாமா, இந்த கேம் கெட்டுப்போயிருக்கு" என்று மூடி வைத்துவிடுகிறார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த முதல் ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிட்டால், வாள் பிடிக்கத் தெரியாமல் வந்திறங்கிய அகதிபோன்ற ஒரு கைதி, மலைமேல் பறந்து போகிற அளவுக்கு வளர்வதைப் பார்க்கலாம். அடிக்கடி சேவ் செய்யுங்கள் என்பதுபோல் எல்லாருக்கும் தெரிந்ததை இங்கே எழுதப்போவதில்லை.

பச்சைப் பட்டையைப் பார்க்காமல் சண்டைக்குப் போவது

முதலில் நடப்பது இதுதான். செய்டா நீன் என்ற சிறு ஊரில் கப்பலிலிருந்து இறங்குகிறீர்கள். அரசு அலுவலகத்தில் இனம், தொழில், ராசி எல்லாம் பதிவாகிறது. அடுத்த அறையின் மேசையில் ஓர் இரும்புக் கத்தி கிடக்கும். அதை எடுக்காதவர்களே இல்லை. வெளியே வந்ததும் ஓட்டம்தான். ஊரை ஒட்டிய பாலத்தைத் தாண்டினால் அடமசார்ட்டஸ் குகை. உள்ளே நுழைந்ததும் ஒரு கடத்தல்காரி பாய்கிறாள். கத்தியை வீசினால் திரையில் அது அவள் உடம்புக்குள்ளேயே போய் வருகிறது, ஆனால் அடி விழவில்லை. மறுபடி வீசினாலும் அதே கதை. கடைசியில் செத்துப்போவது நாம்தான்.

நண்பர்களில் ஒரு பெண், ரெட்கார்ட் இனத்தில் நீள்வாள் வீராங்கனையாகத் தொடங்கினாள். "எத்தனை தடவை வீசினாலும் படவே மாட்டேங்குது அங்கிள்" என்றாள். அதற்குள் கஷ்ட அளவை மிகவும் கீழே இறக்கியும் பார்த்துவிட்டாள். இந்த விளையாட்டில் அந்த அளவு, விழுகிற அடியின் வலுவைத்தான் மாற்றும். அடி விழுமா விழாதா என்பதை அது தொடுவதே இல்லை.

அதைத் தீர்மானிக்கிற கணக்கு வேறு. ஆயுத ஸ்கில்லோடு, சுறுசுறுப்பில் ஐந்தில் ஒரு பங்கையும் அதிர்ஷ்டத்தில் பத்தில் ஒரு பங்கையும் கூட்ட வேண்டும். பிறகு அதைக் களைப்பால் பெருக்க வேண்டும். எவ்வளவு தெம்பு மீதி என்று காட்டுவதுதான் திரையில் இருக்கும் பச்சைப் பட்டை. பச்சைப் பட்டை நிறைந்திருந்தால் 1.25, காலியாக இருந்தால் 0.75. வருகிற எண்தான் நூற்றுக்கு எத்தனை அடி விழும் என்பது. அதிலிருந்தும் எதிரி விலகித் தப்பும் திறனைக் கழிப்பார்கள்.

அந்தப் பெண்ணின் எண்களையே போட்டுப் பார்ப்போம். சுறுசுறுப்பு 40, அதிர்ஷ்டம் 40. அவள் வீசியது மேசையில் எடுத்த குறுங்கத்தி. அது அவள் தொடக்கத்தில் தேர்ந்தெடுத்த முக்கிய ஸ்கில்லில் சேராது. எல்லாருக்கும் கிடைக்கும் 5, ரெட்கார்டுக்குக் கூடுதலாக ஒரு 5, ஆக 10. அதோடு 8-ம் 4-ம் சேர்த்தால் 22. ஓடி ஓடிப் பட்டை காலியானதால் 0.75-ஆல் பெருக்க, கிடைப்பது 16.5. அவள் தேர்ந்தெடுத்த நீள்வாளோ முக்கிய ஸ்கில் என்பதால் 30, இனத்துக்காக 15, சண்டைப் பிரிவைத் தேர்ந்தெடுத்ததற்காக 5, மொத்தம் 50. அதோடு 12 சேர்த்தால் 62. பட்டை நிறைய வைத்துக்கொண்டு வந்திருந்தால் 77.5. அதே பெண், அதே குகை. ஆறில் ஓர் அடி விழுந்த இடத்தில் நாலில் மூன்று விழுந்திருக்கும்.

வெயிலில் பன்னிரண்டு மாடிப் படி ஏறி வந்தவனிடம் உடனே பேட்மிண்டன் மட்டையைக் கொடுத்தால் எப்படி ஆடுவான்? இந்த விளையாட்டில் உங்கள் ஆளுக்கும் அந்த நிலைதான். சண்டைக்கு மட்டும் இல்லை, மந்திரம் போடுவது, பூட்டைத் திறப்பது, ஆளைப் பேச்சில் மடக்குவது என்று எல்லாவற்றிலும் களைப்பு கணக்கில் வரும். மூச்சிரைக்கக் கடைக்குப் போனால் சாமான் விலைகூட உங்களுக்குச் சாதகமாக இருக்காது.

எனவே, அலுவலகத்தில் கொடுக்கும் 87 பொற்காசோடு ஊருக்குள்ளேயே இருக்கும் அரில்லே கடைக்கு முதலில் போங்கள். உங்கள் முக்கிய ஸ்கில்லுக்குப் பொருந்துகிற ஆயுதம் இருக்கிறதா பாருங்கள். கணினியில் கேப்ஸ் லாக்கைத் தட்டினால் ஓட்டம் நடையாகும். குகை வாசலில் நின்று பட்டை நிறையும்வரை பொறுங்கள், அல்லது டி விசையை அழுத்தி ஒரு மணி நேரம் ஓய்வெடுங்கள். பையில் ரொட்டியோ சால்ட்ரைஸ் என்ற தானியமோ இருந்தால் சாப்பிடுங்கள், களைப்பு கொஞ்சம் தீரும்.

இன்றும் எனக்கு எரிச்சல் வருவது, "எல்லா அடியும் விழுகிற மோட் போட்டுக்கோ" என்று புதியவர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரையைக் கேட்கும்போதுதான். மோட் என்பது விளையாட்டை மாற்ற ரசிகர்கள் செய்துவைத்த கோப்பு. அதைப் போட்ட பிறகு சுறுசுறுப்புக்கும் அதிர்ஷ்டத்துக்கும் ஆயுத ஸ்கில்லுக்கும் பாதி வேலை போய்விடும். ஒரு நண்டை அடிக்கத் திணறியவன் பிறகு கதை நடக்கும் தீவின் நடுவில் இருக்கும் ரெட் மவுண்டன் எரிமலையில் ஏறி நிற்கும்போது வருகிற பெருமிதம் அதோடு போயிற்று. விளையாட்டின் மேலும் குற்றம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். பகடை உருட்டுவதுபோன்ற கணக்கை உள்ளே வைத்துக்கொண்டு, வெளியே கத்தி உடம்பில் பாய்வதுபோல் காட்டினால் யாருக்குத்தான் புரியும்? எதிரி விலகுவதுபோல் ஓர் அசைவையாவது காட்டியிருக்க வேண்டும். அது இல்லாததால் எத்தனையோ பேர் செய்டா நீனைத் தாண்டாமலே போய்விட்டார்கள்.

கிளிஃப் ரேசரிடமிருந்து ஓடுவது

அது பறந்து வந்து தாக்கும் மிருகம். நீங்கள்தான் களைப்பீர்கள். நின்று அடியுங்கள்.

வழி சொல்வதைப் படிக்காமல் தள்ளிவிடுவது

இதில் போகும் இடத்தைக் காட்டும் அம்புக்குறி கிடையாது. பாலத்தைத் தாண்டு, ஆற்றோரமாகப் போ, பாதை பிரியும் இடத்தில் கிழக்கே திரும்பு என்று மனிதர்கள் வாயால்தான் சொல்வார்கள். அக்கா மகன் அந்தப் பேச்சை எல்லாம் தட்டித் தள்ளிவிட்டு, பால்மோரா என்ற ஊரிலிருந்து ஆர்க்ங்தாண்ட் இடிபாட்டைத் தேடியே ஒரு மாலையைப் போக்கினான். உள்ளே போனபிறகும், அங்கிருந்து எடுத்துவர வேண்டிய டுவெமர் புதிர்ப்பெட்டி (டுவெமர் என்பது மறைந்துபோன ஓர் இனம்) எப்படி இருக்கும் என்று தெரியாமல் அறை அறையாக அலைந்தான்.

இதிலும் குறை உண்டு. சில வழிகள் நிஜமாகவே குழப்பும். உர்ஷிலாக்கு என்ற நாடோடிகளின் முகாமைத் தேடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். விளையாட்டுக்குள் முதலில் இருந்த நாட்குறிப்பு எல்லாப் பணிகளையும் தேதிப்படி ஒன்றாகக் கொட்டி வைத்திருந்தது. 2002 கடைசியில் வந்த டிரைபியூனல் விரிவாக்கத்துக்குப் பிறகுதான் பணிவாரியாகப் பிரித்துப் பார்க்க முடிந்தது. ஆனால் இந்தச் சிரமத்தால்தான் அந்தத் தீவு நமக்கு மனப்பாடமாகிறது. எந்த ஊரிலிருந்து எங்கே சில்ட் ஸ்டிரைடர் என்ற ராட்சதப் பூச்சி வண்டி போகும், எங்கே படகு பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் கொஞ்ச நாளில் எம்ஆர்டி ரயில் தடம்போலத் தலையில் நின்றுவிடும். பெட்டியில் வாங்கிய காலத்தில் காகித வரைபடம் ஒன்று கூடவே வந்தது. இப்போது டவுன்லோடு செய்து விளையாடுகிறவர்கள் அதன் படத்தைக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பறக்கும் சுருளை ஒன்றோடு நிறுத்துவது

செய்டா நீனுக்கு வெளியே ஒரு மந்திரவாதி வானத்திலிருந்து விழுந்து சாவான். அவனிடம் மூன்று மந்திரச் சுருள்கள் இருக்கும். படித்துவிட்டுத் தாவினால் தீவையே தாண்டிவிடுவதுபோல் போவீர்கள், ஆனால் அதன் சக்தி ஏழே விநாடி. தரையில் மோதுவதற்கு முன் இரண்டாவதைப் படித்துவிடுங்கள்.

எண்டூரன்ஸைப் பிறகு பார்க்கலாம் என்று விடுவது

எண்டூரன்ஸ் என்பது உடல் தாங்குதிறன். ஒவ்வொரு லெவலிலும் அப்போதைய எண்டூரன்ஸில் பத்தில் ஒரு பங்குதான் உயிர்ப்பட்டையில் கூடும். பதினைந்தாவது லெவலில் அதை ஏற்றினால், கடந்துவந்த லெவல்களுக்குப் பாக்கி கிடைக்காது. அதனால் முதலிலேயே ஏற்றிவிடுங்கள். அதற்காக ஒவ்வொரு ஸ்கில்லையும் தாளில் எழுதி எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். அப்படி ஆடுகிறவர்கள் சீக்கிரம் சலித்துப்போகிறார்கள்.

முக்கியமான ஆளைக் கொல்வது

கதைக்குத் தேவையான ஆளைக் கொன்று, விதியின் இழை அறுந்துவிட்டது என்று திரையில் வந்தால் பழைய சேவுக்குத் திரும்புங்கள்.

முதல் தடவையே மோட்களைக் குவிப்பது

ஓப்பன்எம்டபிள்யூ மட்டும் போடுங்கள். அது இதே விளையாட்டைப் புதிய கணினிகளில் ஓட வைக்கும் இலவச எஞ்சின். விளையாட்டின் அசல் கோப்புகள் உங்களிடம் இருக்க வேண்டும், அதனால் முதலில் விளையாட்டை வாங்கிவிடுங்கள். மரமும் முகமும் பழசாகத்தான் தெரியும். பால்மோரா போய்ச் சேருவதற்குள் அது கண்ணுக்குப் பழகிவிடும். மற்ற மோட்களை இரண்டாவது ஆட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம்.