வெளிநாட்டில் ஆசிரியர் வேலை: வரிக் கணக்கில் சறுக்கும் இடங்கள்

சென்னையிலிருந்து துபாய்க்கும் மஸ்கட்டுக்கும் அமெரிக்காவுக்கும் பாடம் எடுக்கப் போகிறவர்களின் வரிச் சிக்கல்களில் பாதி, இரண்டு நாட்காட்டிகள் ஒத்துப்போகாததால் வருபவை. அங்கே பல பள்ளிகளில் கல்வியாண்டு ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும். நம் நிதியாண்டு தொடங்குவது ஏப்ரல் 1. கிளம்பும் தேதியை விசாவும் டிக்கெட் விலையும் முடிவு செய்கின்றன. வருமான வரியைப் பற்றி அப்போது யாரும் யோசிப்பதில்லை.

விடுமுறையில் கரையும் 182 நாள்

வேலைக்காக நாட்டை விட்டுக் கிளம்பும் நிதியாண்டில், இந்தியக் குடிமகன் ஒருவர் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தால், வரிச் சட்டத்தின் கண்ணில் அவர் ரெசிடென்ட், அதாவது இந்தியாவில் வசிப்பவர். அதற்குக் கீழே இருந்தால் என்.ஆர்.ஐ. இதைத் தெரிந்துவைத்திருப்பவர்களும் கிளம்பும் நாளோடு எண்ணுவதை நிறுத்திவிடுகிறார்கள். நாள்கள் தொடர்ச்சியாக இருக்கத் தேவையில்லை. ஊருக்கு வந்துபோகும் ஒவ்வொரு நாளும் கூடும்.

ஆகஸ்ட் 20 அன்று விமானம் ஏறும் ஒருவருக்கு ஏப்ரல் 1 முதல் 142 நாள் ஆகிவிட்டது. டிசம்பர் 14 முதல் ஜனவரி 4 வரை குளிர்கால விடுமுறைக்கு வந்தால் 22 நாள், மொத்தம் 164. மார்ச் 14 அன்று அடுத்த விடுமுறைக்கு வந்து 31 வரை தங்கினால் 18 நாள். கூட்டிப் பாருங்கள், சரியாக 182. அதுவரை இந்தியாவிலேயே வாழ்ந்தவர் என்பதால் அவர் சாதாரண ரெசிடென்ட், அதாவது எந்த நாட்டில் சம்பாதித்தாலும் இங்கே வரிக் கணக்கில் வருபவர். துபாயில் வரியே கட்டாமல் வாங்கிய சம்பளம் முழுவதும் இங்கே வரிக்கு வந்துவிடும். இரட்டை வரி ஒப்பந்தம் காப்பாற்றும் என்றும் நம்ப முடியாது. அமீரகத்துடனான ஒப்பந்தத்தில் அந்நாட்டு ரெசிடென்ட் ஆக, அந்த நாட்காட்டி ஆண்டில் அங்கே 183 நாள் இருந்திருக்க வேண்டும். ஆகஸ்டில் போனவருக்கு முதல் ஆண்டில் அதற்கு வாய்ப்பில்லை.

வரும் நாள், போகும் நாள் இரண்டையும் இந்தியாவில் இருந்த நாளாகவே எண்ணிக்கொள்வது பாதுகாப்பு. நம் எடுத்துக்காட்டில் இருப்பவர் மார்ச் 14-க்குப் பதில் 16 அன்று வந்திருந்தால் பிரச்சினையே இல்லை. கணக்கு இழுபறியாக இருந்தால் மார்ச் விடுமுறைக்கு அப்பா அம்மாவை அங்கே வரவழைத்துவிடுங்கள். வரியை விட விசிட் விசா மலிவு. பாஸ்போர்ட்டின் முத்திரைப் பக்கங்களையும் போர்டிங் பாஸையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளவும். ஒருவேளை நோட்டீஸ் வந்தால் கேட்கப்போவது அவற்றைத்தான்.

செப்டம்பர் 29 அன்றோ அதற்குப் பிறகோ கிளம்புகிறவர்களுக்கு இந்தக் கணக்கே தேவையில்லை, 182 நிறைந்துவிட்டது. பாதியில் காலியான இடத்துக்கு ஜனவரியில் சேர்கிறவர்கள், மார்ச் வரையிலான வெளிநாட்டுச் சம்பளத்தை இந்திய ரிட்டர்னில் காட்டியாக வேண்டும்.

அடுத்தடுத்த ஆண்டுகளில் ஊருக்கு வந்துபோவதற்கும் வரம்பு 182-தான். ஆனால் இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டினால் அது 120 நாளாகச் சுருங்கலாம். ஆசிரியருக்கு ஏது அவ்வளவு என்று தோன்றும். மடிப்பாக்கத்து மனையை விற்ற ஆண்டில் வரும் மூலதன ஆதாயமும் அந்த 15 லட்சத்தில் சேரும். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் அமலுக்கு வந்தாலும் இந்த நாள் கணக்கு மாறவில்லை.

வங்கிக்கு வேறு விதி

வங்கிக் கணக்கை ஆள்வது ஃபெமா எனும் அந்நியச் செலாவணிச் சட்டம். அதன்படி வேலைக்காகக் கிளம்பிய நாளிலிருந்தே நீங்கள் வெளிநாட்டில் வசிப்பவர். 182 நாள் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை, காத்திருக்கவும் கூடாது. உள்ளூர் சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிப்பவரின் இந்திய வருமானத்துக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றச் சொல்லி வங்கிக்கு எழுத வேண்டும். பழைய கணக்கை அப்படியே விட்டு, ஏ.டி.எம். கார்டை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போவதுதான் நம் ஊர் வழக்கம். அது விதிமீறல்.

வெளிநாட்டுச் சம்பளத்தை அனுப்ப என்.ஆர்.இ. கணக்கு. அதன் வட்டிக்கு இங்கே வரி கிடையாது. என்.ஆர்.ஓ. வட்டியில் 31.2 சதவீதத்தை டி.டி.எஸ்., அதாவது பணம் தரும்போதே பிடிக்கும் வரியாகப் பிடிப்பார்கள். சம்பளத்தை முதலாளி நேரடியாகச் சென்னைக் கணக்கில் போடும்படி ஏற்பாடு செய்யாதீர்கள். முதல் வரவு இந்தியாவிலேயே நடந்தால், 'இந்தியாவில் பெற்ற வருமானம்' என்ற வாதத்துக்கு இடம் கொடுத்ததாகிவிடும். அங்கே ஒரு கணக்கில் வாங்கி, பிறகு அனுப்புங்கள். பி.பி.எஃப். ஏற்கெனவே இருந்தால் முதிர்வு வரை கட்டலாம். புதிதாகத் தொடங்கவோ நீட்டிக்கவோ முடியாது.

12 லட்சம் வரை வரி இல்லை என்ற நினைப்பு

அந்தச் சலுகை, பழைய சட்டத்தில் 87ஏ என்ற பிரிவில் இருந்த வரித் தள்ளுபடியால் வருவது. அது ரெசிடென்ட்டுகளுக்கு மட்டும். என்.ஆர்.ஐ. ஒருவருக்கு வாடகையும் எஃப்.டி. வட்டியுமாக 7 லட்சம் நிகர வருமானம் என்றால், புதிய வரி முறையில் முதல் 4 லட்சம் போக மீதி 3 லட்சத்துக்கு 5 சதவீதம், செஸ் சேர்த்து 15,600 ரூபாய் கட்ட வேண்டும். அதே வருமானம் உள்ள பக்கத்து வீட்டுக்காரருக்குப் பூஜ்யம். டி.டி.எஸ். வேண்டாமென்று வங்கியில் 15ஜி போன்ற உறுதிமொழிப் படிவம் கொடுப்பதும் என்.ஆர்.ஐ.க்குக் கிடையாது. வேளச்சேரி வீட்டில் குடியிருப்பவர் வாடகையில் 31.2 சதவீதம் பிடித்துக் கட்ட வேண்டும் என்பதும் பலருக்குப் புதுச் செய்தி. என்.ஆர்.ஐ.க்குத் தரும் வாடகைக்கு, மாதம் 50,000 என்ற உள்ளூர் வரம்பு பொருந்தாது. கூடுதலாகப் பிடித்ததை ரிட்டர்ன் போட்டுத் திரும்பப் பெறலாம். வீட்டை விற்பதாக இருந்தால், வாங்குபவர் குறைந்த விகிதத்தில் டி.டி.எஸ். பிடிக்க அனுமதிக்கும் சான்றிதழை வருமான வரித் துறையிடம் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். பத்திரப் பதிவுக்கு நாள் குறித்த பிறகு ஓடினால் கிடைக்காது.

அமெரிக்காவின் இரண்டு ஆண்டு வலை

இந்திய–அமெரிக்க இரட்டை வரி ஒப்பந்தத்தின் 22-வது பிரிவு, கற்பிக்கப் போகும் இந்தியருக்கு இரண்டு ஆண்டுக்கு அங்கே வருமான வரி விலக்கு தருகிறது. பள்ளியின் சம்பளப் பிரிவில் படிவம் 8233 கொடுத்தால் வரி பிடிக்க மாட்டார்கள். வலை இங்கேதான். ஜே-1 எனும் பரிமாற்ற விசாவில் போகும் ஆசிரியர் திட்டம் மூன்று ஆண்டு வரை ஓடும். மேலும் நீட்டிக்கவும் இடமுண்டு. ஒப்பந்தமோ 'இரண்டு ஆண்டுக்கு மிகாத வருகை' என்கிறது. தங்கல் அதைத் தாண்டினால் விலக்கு முதல் நாளிலிருந்தே போய்விடும் என்பது அமெரிக்க வரித் துறையின் நிலை. இரண்டு ஆண்டு விலக்கு வாங்கி மூன்றாம் ஆண்டும் இருந்தவருக்கு, பழைய வரி வட்டியோடு சேர்ந்து வரும். மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் இந்த விலக்கைக் கேட்காமலிருப்பதே நல்லது. 'எல்லோரும் வாங்குகிறார்கள்' என்ற சக ஆசிரியரின் ஆலோசனைக்குக் காது கொடுக்க வேண்டாம். கலிபோர்னியா போன்ற சில மாநிலங்கள் இந்த ஒப்பந்தத்தை ஏற்பதே இல்லை. மாநில வரி தனியாக உண்டு.

ஜே-1 ஆசிரியரிடம் தொடக்கத்தில் பிடிக்காத அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு வரிக்கு வேறு அளவுகோல்: நாட்காட்டி ஆண்டு. 2024 ஆகஸ்டில் போனவருக்கு 2024, 2025 என இரண்டும் எண்ணப்பட்டுவிடும். 17 மாதமே ஆகியிருந்தாலும், வழக்கமாக 2026 ஜனவரியிலிருந்து பிடித்தம் தொடங்கும்.

திரும்பி வந்த பிறகு

நெடுங்காலம் வெளியே இருந்து திரும்புகிறவருக்கு 'சாதாரணமாக வசிக்காதவர்' என்ற இடைநிலை கிடைக்கும். அதில் வெளிநாட்டு வட்டிக்கும் வாடகைக்கும் இங்கே வரி இல்லை. அதற்கு, முந்தைய 10 ஆண்டில் 9 ஆண்டு என்.ஆர்.ஐ.யாக இருந்திருக்க வேண்டும், அல்லது முந்தைய 7 ஆண்டில் இந்தியாவில் இருந்தது 729 நாளுக்கு மிகாமல் இருக்க வேண்டும். மூன்று ஆண்டு வேலை பார்த்துவிட்டு வந்தவருக்கு இரண்டும் பொருந்தாது. மறுபடி ரெசிடென்ட் ஆகும் முதல் ஆண்டிலேயே அவர் சாதாரண ரெசிடென்ட். அங்கே விட்டுவந்த வங்கிக் கணக்கையும் ஓய்வூதியக் கணக்கையும் ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் எழுத வேண்டும். அந்த அட்டவணை கேட்பது டிசம்பர் 31-இல் முடியும் ஆண்டின் விவரம். மார்ச் 31 இருப்பை எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை. காட்டாமல் விட்டால் கருப்புப் பணச் சட்டத்தில் அபராதம் 10 லட்சம் ரூபாய். 2024 அக்டோபர் 1 முதல், அசையாச் சொத்து நீங்கலாக மொத்தம் 20 லட்சத்துக்கு மிகாதவற்றுக்கு அந்த அபராதம் இல்லை என்றாலும், அட்டவணையில் எழுதும் கடமை நீங்கவில்லை. ஜூலையில் ஊர் திரும்பி அங்கத்திய கணக்கை ஆகஸ்டில் மூடியவரும், அந்த ஆண்டு ஒருமுறை அதை எழுத வேண்டும்.