ராத்திரிக் குழம்புக்குப் பாப்ஓவர்: மாவு பத்து நிமிடம், பொறுமை முப்பத்தைந்து நிமிடம்

குழம்பு கொதித்துக்கொண்டிருக்கிறது, சப்பாத்தி தேய்க்க மனமில்லை, களி கிளற நேரமில்லை. வீட்டில் ஓடிஜி (கேக், ரொட்டி சுடும் சின்ன மின்சார அடுப்பு) இருந்தால் அந்த ராத்திரிக்குப் பாப்ஓவர் சரியான ஆள். மைதா, முட்டை, பால், உப்பு, கொஞ்சம் வெண்ணெய், அவ்வளவுதான் சாமான். ஈஸ்ட் இல்லை, சோடா இல்லை, பிசையும் வேலையும் இல்லை. வெளியே மொறுமொறுவென்று, உள்ளே பூரி மாதிரிப் பொள்ளலாக, கிண்ணத்தின் விளிம்பைத் தாண்டிக் குடை போல எழுந்து நிற்கும். இங்கிலாந்துக்காரர்களின் யார்க்‌ஷயர் புட்டிங்குக்கு இது அமெரிக்கத் தம்பி. அண்ணன் மாட்டுக்கொழுப்பில் வேகும், தம்பி வெண்ணெய்க்கு மாறிவிட்டான். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் வெண்ணெயும் ஸ்ட்ராபெர்ரி ஜாமும் தொட்டுச் சாப்பிடுகிறார்கள். நமக்கு நாட்டுக்கோழிக் குழம்பு போதும்.

எப்படி உப்புகிறது என்பது புரிந்தால் பாதித் தவறுகள் நடக்காது. பூரி உப்புவதும் இதுவும் ஒரே கதை. தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 1,600 மடங்கு இடம் கேட்கும். சூடான கிண்ணத்தில் ஊற்றியதும் மாவின் ஓரமும் மேலும் முதலில் இறுகித் தோல் கட்டும். நடுவில் இன்னும் நீராக இருக்கும் மாவிலிருந்து ஆவி கிளம்பி அந்தத் தோலை மேலே தள்ளும். முட்டையின் புரதமும் மைதாவின் பசையும் இழுபட்டு நீண்டு, சூட்டில் அப்படியே இறுகிச் சுவராக நின்றுவிடும். அதனால்தான் பேக்கிங் பவுடர் வேண்டாம் என்கிறோம். அது மாவு முழுக்கச் சின்னச் சின்னத் துளைகளைப் போட்டுக் கேக் மாதிரி ஆக்கிவிடும், நடுவில் பெரிய பொள்ளல் விழாது.

அளவு, நாலு பேருக்கு:

மைதா 125 கிராம் (240 மில்லி கப்பில் தலைதட்டி ஒன்று)
பால் 240 மில்லி
முட்டை 3
உப்பு அரைத் தேக்கரண்டி
உருக்கிய வெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி
கிண்ணத்தில் தடவ நெய், குழிக்கு அரைத் தேக்கரண்டி

முட்டையில் கொஞ்சம் கவனம் வேண்டும். நாமக்கல்லிலிருந்து வரும் பண்ணை முட்டை மூன்று உடைத்தால் 135 முதல் 150 கிராம் வரை தேறும், அது சரியான அளவு. நாட்டுக்கோழி முட்டை சின்னது, நான்கு போட வேண்டியிருக்கும். தராசு இருந்தால் எண்ணிக்கையை விட்டுவிட்டு எடையைப் பாருங்கள். முட்டை இல்லாமல் செய்ய முடியுமா என்றால் முடியாது. சுவராக நிற்பதே முட்டைதான்.

பால் கொழுப்பு குறைவாக இருந்தால் மொறுமொறுப்பு கூடும். ஆவின் நீலப் பாக்கெட்டில் 3 சதவீதம் கொழுப்பு, பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. நீலம் இருந்தால் நல்லது, பச்சையும் ஓடும். எருமைப்பால் வாங்கும் வீடு என்றால் 180 மில்லி பாலுக்கு 60 மில்லி தண்ணீர் சேருங்கள். நம் வீடுகளில் பால் காய்ச்சிய பிறகுதான் சமையலுக்கு வரும். அதில் தவறில்லை, ஆனால் ஏட்டை எடுத்துவிட வேண்டும். சுண்டக் காய்ச்சிய பாலாக இருந்தால் தண்ணீர் விட்டு 240 மில்லிக்குக் கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் மாவு கெட்டியாகும், கெட்டி மாவு எழும்பாது.

பாத்திரம் எது என்பதில் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் இதற்கென்றே ஒடுக்கமான, ஆழமான கிண்ணங்கள் கோத்த தட்டு விற்கிறார்கள். ஆழம் இருந்தால் மாவு பக்கவாட்டில் பரவாமல் மேலே ஏறும். அது கிடைக்காவிட்டால் மஃபின் தட்டு போதும். அதன் குழி சின்னது என்பதால் மேலே சொன்ன மாவு எட்டு ஒன்பது வரும், உயரம் கொஞ்சம் குறையும். இன்னொரு வழி நம் அடுக்களையிலேயே இருக்கிறது. 150 மில்லி பிடிக்கும் எவர்சில்வர் காபி டம்ளர் ஆறு எடுத்து ஒரு தட்டில் நிறுத்தினால், வாங்கி வந்த தட்டையே தோற்கடிக்கும். பிளாஸ்டிக் பிடியோ, பெயிண்ட் பூவோ இல்லாத டம்ளராக இருக்க வேண்டும். எவர்சில்வரில் ஒட்டும் பழக்கம் உண்டு, நெய்யை விளிம்பு வரை தடவுங்கள். சிலிக்கான் அச்சு வேண்டாம், அது சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். பேப்பர் கப்பும் வேண்டாம்.

குழிப்பணியாரக் கல்லில் ஊற்றினால் என்ன என்ற கேள்வி நிச்சயம் வரும். ஊற்றலாம், நல்ல முட்டைப் பணியாரம் கிடைக்கும், பாப்ஓவர் கிடைக்காது. அடியில் மட்டும் சூடு இருந்தால் மேல்தோல் கட்டாது. குக்கரில் மணல் போட்டுச் செய்வதிலும் இதற்கு வேண்டிய 230 டிகிரி சூடு நிலையாக நிற்காது.

தடவுவதற்கு வெண்ணெயை எடுக்காதீர்கள், அதில் இருக்கும் பால்சத்து அந்தச் சூட்டில் கருகிக் கசக்கும். தருமபுரிப் பக்கம் செக்குக் கடலை எண்ணெய்தான் வீட்டெண்ணெய். வாசனை பிரமாதம், ஆனால் 230 டிகிரியில் புகைந்துவிடும். நெய் தாங்கும். நெய் இல்லையென்றால் ரீஃபைண்ட் எண்ணெய்.

இனி வேலை. எட்டரைக்குச் சாப்பாடு என்று வைத்துக்கொள்வோம்.

ஏழு மணிக்கு முட்டைகளைத் தோலோடு வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு வையுங்கள். பாலைக் கைபொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். விரலை விட்டால் இதமாக இருக்க வேண்டும், சுடக் கூடாது. சுட்டால் முட்டை திரிந்து நூல் நூலாக ஆகிவிடும். முட்டையை உப்போடு நுரை கட்டும் வரை அடித்து, பாலையும் வெண்ணெயையும் ஊற்றி, கடைசியில் சலித்த மைதாவைப் போட்டுக் கலக்குங்கள். கடுகளவு கட்டிகள் நின்றால் நிற்கட்டும், அதற்காக வெகுநேரம் அடிக்க வேண்டாம். மிக்ஸியில் பதினைந்து விநாடி ஓட்டினாலும் சரி. பதம் ரவா தோசை மாவைவிடக் கொஞ்சம் கெட்டி, ஊத்தப்ப மாவைவிட நன்றாக நீர்ப்பு. கரண்டியின் முதுகில் மெல்லிய படலமாக ஒட்டி மீதி வழிய வேண்டும். மூடி வைத்துவிட்டு அரை மணி நேரம் விடுங்கள். மாவு நீரைக் குடித்து, பசை தளர்ந்து, இழுத்தால் நீளும் நிலைக்கு வரும்.

மாவு ஓய்வெடுக்கும்போது ஓடிஜியைப் போட்டுவிடலாம். தட்டு மிகக் கீழ் வரிசையில், தட்டுக்குள் கிண்ணங்கள், 230 டிகிரி, மேல் கீழ் இரண்டு ராடும் எரியட்டும். விசிறி இருந்தால் நிறுத்திவிடுங்கள். இருபது நிமிடம் காய வேண்டும். விளக்கு அணைந்ததும் உள்ளே தயாராகிவிட்டது என்று நம்பக் கூடாது. காற்று சூடாகியிருக்கும், கிண்ணத்தின் உலோகம் சூடாகியிருக்காது. ஓடிஜியைப் பவர் பிளக்கில்தான் செருக வேண்டும், இன்வெர்ட்டர் இழுக்காது. ராத்திரி ஏழு ஏழரைக்கு வோல்டேஜ் இறங்கும் தெருவாக இருந்தால் முப்பது நிமிடம் காயவிடுங்கள். உள்ளே வைக்கிற தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிப் போட்டால் ஊகம் தேவையில்லை, குமிழில் உள்ள எண்ணும் உள்ளே இருக்கும் சூடும் பல அடுப்புகளில் ஒத்துப்போவதில்லை.

டம்ளரில் செய்பவர்கள் அடுப்பைப் போடும் முன்பே உயரத்தை அளந்து பாருங்கள். டம்ளரின் விளிம்புக்கும் மேல் ராடுக்கும் இடையே குறைந்தது நாலு விரற்கடை இடைவெளி வேண்டும். எழும்பிய தலை ராடில் இடித்தால் கருகல் நாற்றம் வீடு முழுக்கச் சுற்றும்.

ஏழே முக்காலுக்கு மாவை ஒரு தடவை கலக்கி, மூக்கு வைத்த ஜாடிக்கு மாற்றுங்கள். தட்டை வெளியே இழுத்து ஒவ்வொரு குழியிலும் நெய் விட்டு, உடனே பாதிக்குச் சற்று மேல் வரை மாவை ஊற்றுங்கள். சுர்ரென்று சத்தம் வர வேண்டும். தோசைக்கல்லுக்குத் தண்ணீர் தெளித்துப் பார்க்கும் அதே சோதனைதான். சத்தம் வரவில்லையென்றால் கிண்ணம் காயவில்லை என்று பொருள், ஊற்றாமல் மறுபடி உள்ளே வையுங்கள். ஊற்றுவது முழுதும் அரை நிமிடத்தில் முடிய வேண்டும், அதனால்தான் கரண்டிக்குப் பதில் ஜாடி. காலிக் குழி ஏதாவது இருந்தால் அதில் கால் பாகம் தண்ணீர் ஊற்றிவிடுங்கள், தட்டு கோணாது.

230 டிகிரியில் இருபது நிமிடம். பிறகு கதவைத் திறக்காமலே 180 டிகிரிக்குக் குறைத்துப் பதினைந்து நிமிடம்.

இந்த முப்பத்தைந்து நிமிடமும் கதவில் கை வைக்கக் கூடாது. பிள்ளைகள் ஆசையாக எட்டிப் பார்ப்பார்கள், கண்ணாடி வழியாகச் செல்போன் டார்ச் அடித்துக் காட்டுங்கள். சுவர் இறுகும் முன் கதவைத் திறந்தால் உள்ளே இருக்கும் ஆவி குளிர்ந்து திரும்பத் தண்ணீராகிவிடும், தாங்க ஆளில்லாமல் தலை அமுங்கும். அமுங்கியது மறுபடி எழாது. மேலே சீக்கிரம் கருத்துக்கொண்டு வந்தால் கதவைத் தொடாமல் மேல் ராடை மட்டும் அணைத்துவிடலாம், ஆனால் அதுவும் நன்றாக எழும்பி முடித்த பிறகு, இருபதாவது நிமிடத்துக்கு அப்புறம்.

நிறத்தில் தயங்காதீர்கள். பொன்னிறம் வந்ததும் எடுத்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. வறுத்த கடலைத் தோலின் நிறம் வர வேண்டும், பக்கவாட்டுச் சுவரும் சேர்ந்து சிவந்திருக்க வேண்டும். பக்கம் வெளுத்திருந்தால் மேலே எவ்வளவு அழகாக இருந்தாலும் ஐந்து நிமிடத்தில் சுருங்கிவிடும். எடுத்ததும் ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் கத்தி முனையால் ஒரு குத்து. அடைபட்ட ஆவி வெளியேறாவிட்டால் உள்ளிருந்தே நமுத்துப்போகும். குத்தியதைத் திரும்ப உள்ளே வைத்து, அடுப்பை அணைத்து, கதவை லேசாகத் திறந்துவிட்டு மூன்று நிமிடம் விட்டால் இன்னும் காயும்.

எழும்பவே இல்லையென்றால் மூன்று இடத்தில் தேடுங்கள். கிண்ணம் காயவில்லை, மாவு ஜில்லென்று இருந்தது, அல்லது மாவு கெட்டி. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழி தை ராத்திரிகளில் இரண்டாவதுதான் அடிக்கடி நடக்கும். வெதுவெதுப்பாகக் கலந்த மாவு அரை மணியில் மேடையிலேயே குளிர்ந்துவிடுகிறது. சுடுதண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து மூடுங்கள். ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் 97 டிகிரி வாக்கில் கொதித்துவிடும் என்பதும் உண்மைதான், ஆனால் அந்த வித்தியாசத்துக்காக அளவை மாற்றத் தேவையில்லை. உள்ளே கொழகொழவென்று முட்டை வாசனையோடு இருந்தால் வேக்காடு போதவில்லை, 180 டிகிரியில் இன்னும் ஐந்து நிமிடம். லேசான ஈரப்பதம் இருப்பது இயல்பு. ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுந்தால் ஓடிஜியின் சூடு சமமில்லை என்று அர்த்தம், ருசிக்கு ஒன்றும் ஆகாது, விட்டுவிடுங்கள்.

கேழ்வரகு சேர்க்க முடியுமா? தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இதைக் கேட்காதவர் இல்லை. சேர்க்கலாம், ஆனால் அளவோடு. கேழ்வரகில் இழுபடும் பசை கிடையாது, முழுக்கப் போட்டால் சுவர் எழும்பும் முன் வெடித்து ஆவி ஓடிவிடும். 100 கிராம் மைதாவுக்கு 25 கிராம் கேழ்வரகு மாவு என்பது எல்லை. மாவை மெல்லிய துணியில் சலித்துவிட்டு, ஓய்வை ஒரு மணி நேரமாக்குங்கள். உயரம் கொஞ்சம் குறையும். களியின் அந்த மண்வாசனை லேசாக வரும், குழம்போடு சேரும்போது அதுதான் சுகம். சாமை மாவுக்கும் இதே கணக்கு. கோதுமை மாவைப் பாதிக்குப் பாதி போடலாம், முழுதும் போட்டால் கனத்துவிடும்.

மிளகுப்பொடி, சீரகம், பொடியாக நறுக்கிய கறிவேப்பிலை எல்லாம் மாவோடு கலக்கலாம். வெங்காயத் துண்டு, சீஸ் கட்டி வேண்டாம், அவை அடியில் போய் உட்கார்ந்து மாவைப் பிடித்து வைத்துவிடும்.

பரிமாறும்போது குழம்பைத் தட்டில் ஊற்றி அதன்மேல் பாப்ஓவரை வைக்காதீர்கள், இரண்டு நிமிடத்தில் நனைந்த ரஸ்க் ஆகிவிடும். தனிக் கிண்ணத்தில் குழம்பு, கையில் பாப்ஓவர், பிய்த்துத் தொட்டுக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் தலையைக் கிள்ளி எடுத்துவிட்டு, பொள்ளலுக்குள் கெட்டியான வறுவலை நிரப்பிச் சாப்பிடலாம். நாட்டுக்கோழிக்கும், ஒகேனக்கல் ஆற்றுமீன் குழம்புக்கும் பொருந்தும். தையில் பிதுக்கம் பருப்புக் குழம்பு (ஊறவைத்துத் தோலைப் பிதுக்கிய மொச்சையில் வைப்பது) வைக்கும் வீடுகளில் அதற்கு இதைவிடப் பொருத்தமான துணை கிடையாது, பருப்பு ஒவ்வொன்றும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். ரசம் மட்டும் வேண்டாம். கிருஷ்ணகிரியில் மாம்பழம் குவியும் காலத்தில், மீந்த ஒன்றிரண்டைக் காலையில் சூடுகாட்டி வெண்ணெயும் மாம்பழ ஜாமும் வைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம்.

மீந்ததைச் சூடுகாட்ட ஓடிஜியில் 180 டிகிரி, ஐந்து நிமிடம். மைக்ரோவேவில் வைத்தால் ரப்பராகும். மாவு மிஞ்சினால் ஃபிரிஜ்ஜில் மூடி வைத்து மறுநாளே தீர்த்துவிடுங்கள். ஒரு பச்சைமிளகாய், கொத்தமல்லி நறுக்கிப் போட்டுத் தோசைக்கல்லில் மெல்லிசாக ஊற்றினால் நல்ல முட்டை தோசை, அதற்குக் கதவும் இல்லை, காவலும் இல்லை.