மார்கழில தேங்கி நிக்கிற புது காரை நல்ல விலைக்கு எடுக்குறது எப்படி

டிசம்பர் வந்துட்டா கார் ஷோரூம்காரவுகளுக்கு மத்தளம் மாதிரி ரெண்டு பக்கமும் இடி. ஜனவரி பிறந்தா அதே வண்டி போன வருச வண்டி ஆயிரும், இந்தப் பக்கம் மார்கழி பிறந்துட்டா காரைக்குடி, தேவகோட்டை பக்கம் முக்காவாசிப் பேரு புது வண்டி எடுக்க மாட்டாக. யார்டுல நிக்கிற வண்டி பெரும்பாலும் பேங்க் கடன்ல எடுத்தது, நிக்க நிக்க வட்டி ஓடும். 2024 செப்டம்பர்ல டீலர் சங்கமான ஃபாடா சொன்ன கணக்குப்படி நாடு முழுக்க 7.9 லட்சம் வண்டி, 79,000 கோடி ரூபா சரக்கு விக்காம நின்னுச்சு. அதனால தயங்காம பேரம் பேசுங்க.

ஆனா எவ்வளவு தள்ளுபடின்னு கேக்குறதுக்கு முன்னாடி வண்டிக்கு என்ன வயசுன்னு கேளுங்க, இதத்தான் நம்மாளுக விட்டுர்றாக. ஃபார்ம் 22-ன்னு ஒரு பேப்பர் வண்டியோட வரும், தயாரிச்ச மாசமும் வருசமும் அதுல இருக்கும், அதக் காட்டச் சொல்லுங்க. ஆர்சி புக்லயும் அந்த மாசம்தான் ஏறும், நாளைக்கு விக்கப் போறப்ப வாங்குறவன் அதப் பாத்துத்தான் விலை சொல்லுவான். நாலு வருசத்துல வித்துருவேன்னு நினைக்கிறவுக பழைய வருச வண்டிக்குப் பெரிய தள்ளுபடி இல்லாம கையெழுத்துப் போடாதீக. பத்து வருசம் வச்சு ஓட்டப் போறவுகளுக்கு இது பெரிய நட்டமே இல்ல, தாராளமா எடுக்கலாம்.

விளம்பரத்துல "ஒரு லட்சம் வரை" னு போட்டிருப்பாக, அதுல எக்ஸ்சேஞ்ச் போனஸ், கார்ப்பரேட் சலுகை, ஓசி ஆக்சஸரீஸ் எல்லாம் சேத்திருக்கும், பழைய வண்டி கையில இல்லாதவுகளுக்கு அதுல பாதி கிடைக்காது. அதனால பில்லுல நேரடியா எவ்வளவு குறையும்னு மட்டும் கேளுங்க. மாட், சீட் கவர் வேண்டாம், காசாக் குறைங்கன்னு சொல்லுங்க. இன்சூரன்ஸ் அவுககிட்டதான் எடுக்கணும்னு கட்டாயம் கிடையாது, வெளில ஒரு கொட்டேஷன் வாங்கிட்டுப் போங்க, தள்ளுபடில விட்டத அங்கதான் திரும்ப எடுப்பாக. கொட்டேஷன்ல ஹேண்ட்லிங் சார்ஜ்னு தனியா ஒரு தொகை போட்டிருந்தா அத எடுத்துறச் சொல்லுங்க. காரைக்குடில ஒரு விலை வாங்கிட்டு மதுரை, திருச்சிலயும் ஒவ்வொரு கொட்டேஷன் வாங்குங்க, எல்லாமே எழுத்துல இருக்கணும், வாய்ப்பேச்சு நிக்காது.

மார்கழிக்கு வருவோம். கம்பெனி குடுக்குற டிசம்பர் சலுகை மாசம் முடிஞ்சா போயிரும், வீட்லயோ அப்பத்தா தை பிறக்காம வண்டி வாசலுக்கு வரக்கூடாதும்பாக. ரெண்டுக்கும் வழி இருக்கு, பில்லை டிசம்பர்லயே போட்டுட்டு வண்டிய தை முதல் வாரம் எடுத்துக்கிறோம்னு பேசி எழுதி வாங்கிக்கிடுங்க, அதுவரைக்கும் வண்டி கூரைக்கடியில நிக்கணும்னும் சேத்து எழுதுங்க. வாரண்டி ரெண்டு வாரம் முன்னாடியே ஓட ஆரம்பிக்கலாம், வர்ற தள்ளுபடிக்கு அது பெருசில்ல. பிள்ளையார்பட்டி பூஜைய தைலயே போட்டுக்கலாம்.

இனி வண்டியப் பாக்குறது, இதுல அவசரமே கூடாது. பில் போட்டு ரிஜிஸ்ட்ரேஷனுக்குப் போறதுக்கு முன்னாடி, பகல் வெளிச்சத்துல, உங்களுக்குன்னு ஒதுக்குன அதே வண்டியப் பாருங்க, சேசிஸ் நம்பரை போட்டோ எடுத்து பேப்பரோட ஒத்துப் பாருங்க. நம்பர் விழுந்தப்புறம் வேண்டாம்னு சொல்றது பெரும்பாடு. டயர் பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும், 2224-ன்னா 2024-ல 22-வது வாரம் செஞ்சது, அஞ்சு டயரையும் பாருங்க, ஸ்டெப்னிய மறந்துறாதீக. பல மாசம் வெயில்ல நின்ன வண்டில வைப்பர் ரப்பர் வெறைச்சுப் போயிருக்கும், பேட்டரி இறங்கியிருக்கும், பானெட்டைத் திறந்தா ஒயர் ஓரத்துல எலிப் புழுக்கையும் கடிச்ச தடமும் இருக்கும், செல்போன் டார்ச் அடிச்சு மூலையெல்லாம் பாருங்க. எலி கடிச்ச வண்டின்னா வேற வண்டி கேளுங்க, ஒயரிங் தொந்தரவு பின்னாடி வருசக்கணக்கா இழுக்கும். பேட்டரி, வைப்பர்னா புதுசு மாத்தித் தரச் சொல்லி எழுதி வாங்குங்க. ஓடோமீட்டர்ல நூறு இருநூறுன்னு ஓடியிருந்தா டெஸ்ட் டிரைவ் வண்டியான்னு நேராவே கேளுங்க, ஆமான்னா விலை இன்னும் குறையணும்.

பணத்தை ஷோரூம் பேருல இருக்குற அக்கவுண்ட்டுக்கு மட்டும் அனுப்புங்க, சேல்ஸ்மேன் தம்பியோட ஜிபே நம்பருக்கு அட்வான்ஸ்கூடப் போடாதீக, போட்ட ஒவ்வொரு ரூபாய்க்கும் அன்னைக்கே ரசீது வாங்கிருங்க.